மூன்று சுவிட்ச் போதவில்லை: ஹெச்எக்ஸ் ஸ்டொம்ப், டிடி-200 இரண்டுக்கும் எந்த மிடி கால் கொன்ட்ரோலர்?

கொக்குவில்_லீட்:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு இசைக்குழுவில் லீட் கிற்றார் வாசிக்கிறேன். கலியாணம், கோயில் திருவிழா இரவு நிகழ்ச்சி, இடைக்கிடை மண்டப நிகழ்ச்சி என்று யாழ்ப்பாணத்துக்குள்ளும் கிளிநொச்சிப் பக்கமும்தான் ஓட்டம். லைன் 6 ஹெச்எக்ஸ் ஸ்டொம்ப் என்ற மல்டி எஃபெக்ட் பெட்டி ஒன்றும் பொஸ் டிடி-200 என்ற டிலே (எதிரொலி) பெடல் ஒன்றும் வைத்திருக்கிறேன், சத்தம் பற்றி ஒரு குறையும் இல்லை. பிரச்சினை காலில்தான். ஸ்டொம்பில் மூன்றே மூன்று சுவிட்ச். பல்லவியில் கிளீன், இடையிசையில் லீட், சரணத்துக்கு கோரஸ், பிறகு திரும்பக் கிளீன் என்று போகும் பாட்டுகளில் ஒரு சுவிட்சை மிதித்துவிட்டு அடுத்ததற்கு மோட் மாற்ற வேண்டியிருக்கிறது, அதற்குள் பாடகர் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். டிலே நேரத்தை மாற்றக் குனியவே வேண்டும்.

ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து மச்சான் வருகிறார், ஒரு சாமான் கொண்டுவருவதாகச் சொன்னார். காலால் மிதித்து மற்றப் பெட்டிகளுக்குக் கட்டளை அனுப்பும் மிடி கொன்ட்ரோலர்தான் வேண்டும். பார்த்துவைத்தவை பெரிங்கர் எஃப்சிபி1010, மோர்னிங்ஸ்டார் எம்சி6, மலிவில் மிடி கப்டன், அதைவிட மலிவில் எம்-வேவ் சொக்லேட். எதை எடுக்கலாம்? விலையை மட்டும் வைத்து முடிவெடுக்க விருப்பமில்லை, நீண்ட காலம் பாவிக்க வேண்டும்.

மானிப்பாய்_பேஸ்:
எஃப்சிபி1010 எடு தம்பி, யோசிக்கவே வேண்டாம். பத்துச் சுவிட்ச், பாங்க் (சுவிட்ச் அமைப்புத் தொகுதி) ஏற்ற இறக்க இரண்டு, காலால் சாய்க்கும் எக்ஸ்பிரஷன் பெடல் இரண்டு, எல்லாம் ஒரே பெட்டியில். வா-வா எஃபெக்டுக்கு ஒன்று, வொலியூமுக்கு ஒன்று. உலோக உடம்பு, லொறியில் ஜெனரேற்றரோடு ஏற்றினாலும் தாங்கும். பத்துப் பாங்க் பத்துப் பத்தாக நூறு இடம் இருக்கிறது, ஒரு இரவு முழுக்க வாசிக்கும் பாட்டுப் பட்டியலை வரிசையாகப் போட்டு வைக்கலாம். சின்னப் பெட்டிகளில் சப்பாத்துக் காலோடு ஒன்றை மிதித்தால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து அமரும். இதில் அந்தப் பயம் இல்லை.

சுன்னாகம்_ஒலி:
பெட்டியின் பெயருக்குப் போக முதல் ஒரு கேள்வி. ஒரு பாட்டுக்குள் சத்தம் மாற்றும்போது நீங்கள் பிரிசெட் (சேமித்து வைத்த முழுச் சத்த அமைப்பு) மாற்றுகிறீர்களா, ஸ்னாப்ஷாட் மாற்றுகிறீர்களா, இல்லை ஒரு எஃபெக்டை மட்டும் ஆன் ஓஃப் செய்கிறீர்களா? மிடி என்பது இசைக் கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் முறை, அதில் இந்த மூன்றும் ஒன்றல்ல. பிரிசெட் மாற்றுவது புரோகிராம் சேஞ்ச் என்ற கட்டளை, 0 முதல் 127 வரை 128 எண்கள். மற்ற இரண்டும் கொன்ட்ரோல் சேஞ்ச், அதாவது சிசி. சிசிக்கு ஒரு எண்ணும் அந்த எண்ணுக்கு ஒரு மதிப்பும் சேர்ந்து போகும். சில கொன்ட்ரோலர்கள் புரோகிராம் சேஞ்ச் அனுப்பவென்றே பிறந்தவை, சிசி அவற்றில் பின்னால் ஒட்டியது போல இருக்கும். சில நேர்மாறு. உங்கள் காலுக்கு எது வேண்டும் என்று தெரியாமல் பத்துச் சுவிட்ச் வாங்கினாலும் அதில் பாதி சும்மா கிடக்கும்.

கொக்குவில்_லீட்:
இதுவரை பிரிசெட்தான் மாற்றுகிறேன் அண்ணை. ஒரு பாட்டுக்கு ஒரு பிரிசெட் அல்ல, கிளீன் ஒன்று, கிரஞ்ச் ஒன்று, லீட் ஒன்று என்று பொதுவாக வைத்திருக்கிறேன். மாற்றும்போது ஒரு சின்ன இடைவெளி விழுகிறது, டிலேயின் வால், அதாவது அடங்கிவரும் எதிரொலி, வெட்டுப்படுகிறது. அது ஸ்டொம்பின் குணம் என்று விட்டுவிட்டேன்.

சுன்னாகம்_ஒலி:
அந்த இடைவெளிக்கு மருந்து எந்தக் கொன்ட்ரோலரிலும் இல்லை, ஸ்னாப்ஷாட்டில் இருக்கிறது. பிரிசெட் மாறும்போது ஸ்டொம்ப் பழைய எஃபெக்ட் அடுக்கை முழுக்க இறக்கிவிட்டுப் புதியதை ஏற்றுகிறது, அதனால்தான் சத்தம் ஒரு கணம் விடுகிறது. ஸ்னாப்ஷாட் என்பது அதே அடுக்கில் எந்த எஃபெக்ட் ஆன், எந்த நொப் எவ்வளவு என்று மட்டும் மாற்றுவது. இடைவெளி இல்லை, டிலே வாலும் இயல்பாக அடங்கும். ஆகவே ஒரு பாட்டுக்கு அல்லது ஒரே மாதிரியான பாட்டுகளுக்கு ஒரு பிரிசெட்டை வைத்துக்கொண்டு, பாட்டுக்குள் ஸ்னாப்ஷாட் மாற்றுங்கள்.

மிடியில் அதற்கு சிசி 69. மதிப்பு 0 என்றால் முதலாவது ஸ்னாப்ஷாட், 1 என்றால் இரண்டாவது, அப்படியே மேலே. 8 அனுப்பினால் அடுத்தது, 9 அனுப்பினால் முந்தியது. சிசி 64 டப் டெம்போ (காலால் தட்டிப் பாட்டின் வேகத்தைக் காட்டுவது), மதிப்பு 64 அல்லது அதற்கு மேல் அனுப்ப வேண்டும். சிசி 68 ரியூனர் (தந்தியின் சுருதி பார்ப்பது). சிசி 1, 2 எக்ஸ்பிரஷன் பெடலுக்கு. இவ்வளவும் எழுதி வைத்துக்கொண்டு ஒரு பாட்டை வாசித்துப் பாருங்கள். எந்த இடத்தில் எந்தக் கால் எதை மிதிக்கிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். பெட்டியின் அளவை அந்தத் தாள் சொல்லும்.

இன்னொரு முக்கியமான விஷயம். டிடி-200 ஐயும் கொன்ட்ரோலரே நேரடியாக ஆட்ட வேண்டும் என்று நினைக்கிறீர்கள் போல. தேவையில்லை. ஸ்டொம்பில் கொமாண்ட் சென்டர் என்று ஒரு பக்கம் இருக்கிறது. ஒரு பிரிசெட் ஏறும் கணத்திலேயே ஸ்டொம்ப் தானாக டிடி-200 க்குப் புரோகிராம் சேஞ்ச் அனுப்ப அதில் போட்டு வைக்கலாம். கால் ஒன்றை மிதிக்கும், இரண்டு பெட்டியும் மாறும்.

கொக்குவில்_லீட்:
கொமாண்ட் சென்டர் என்ற பக்கத்தைக் கண்டிருக்கிறேன், எதற்கென்று தெரியாமல் கடந்து போய்விடுவேன். இன்றிரவே பார்க்கிறேன். அப்போ டிலே நேரத்துக்கும் குனியத் தேவையில்லையா?

சுன்னாகம்_ஒலி:
தேவையில்லை. ஸ்டொம்பில் மிடி கிளொக் (பாட்டின் வேகத்தைச் சொல்லும் துடிப்பு) அனுப்பும் அமைப்பை ஆன் செய்து, டிடி-200 ஐ வெளிக் கிளொக்கைப் பின்தொடர வையுங்கள். ஒரு குவாட்டர் நோட்டுக்கு 24 துடிப்பு என்ற கணக்கில் கிளொக் போகும். டிரம்ஸ்காரர் எண்ணும்போது நீங்கள் காலால் டப் செய்தால் இரண்டு டிலேயும் ஒரே வேகத்துக்கு வரும். திருவிழா நிகழ்ச்சியில் அறிவிப்பாளர் இழுத்துக்கொண்டே போய்த் திடீரென்று பாட்டைத் தொடங்கச் சொல்லும் இடங்களில் இது பெரிய ஆறுதல்.

ரொறன்ரோ_யாழ்:
மச்சான் இங்கிருந்து கொண்டுவருகிறார் என்றால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். எஃப்சிபி1010 க்கு வெளி அடாப்டர் இல்லை, சுவரிலிருந்து நேரே வயர் போகும், ட்ரான்ஸ்போமர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. கனடாக் கடைகளில் விற்பது 120 வோல்ட் வகை. அங்கே 230 வோல்ட். ப்ளக்கில் ஒரு மாற்றி மாட்டி நேரே செருகினால் உள்ளே எரியும். ப்ளக் மாற்றி வேறு, வோல்டேஜ் மாற்றி வேறு, இதை வாங்கித் தரும் உறவினர்களுக்கும் சொல்லுங்கள், இங்கே கடையில் நிற்கும் பொடியன்களுக்கு அது தெரியாது. பெட்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கும், அதைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லிப் பார்த்த பிறகே காசு கட்டச் சொல்லுங்கள்.

9 வோல்ட் டிசியில் ஓடும் கொன்ட்ரோலர் என்றால் இந்தத் தலையிடி இல்லை. பெட்டி எந்த நாட்டில் வாங்கினாலும் ஒன்றே, அடாப்டரை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். எம்சி6 அப்படித்தான். அது சிங்கப்பூர்க் கம்பனி என்பதால் கனடா வழியாகச் சுற்றி வரவும் அவசியமில்லை, நேரே அனுப்பக் கேட்கலாம், ஆனால் கொழும்பில் சுங்கத்தில் வரி விழும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

மானிப்பாய்_பேஸ்:
120 வோல்ட் என்றால் ஒரு ஸ்டெப் டவுன் போட்டால் முடிந்தது. புறக்கோட்டையில் கிடைக்காத ட்ரான்ஸ்போமரா? ஸ்னாப்ஷாட், சிசி எல்லாம் எஃப்சிபியிலும் வரும். ஒரு இடத்தில் ஐந்து புரோகிராம் சேஞ்சும் இரண்டு சிசியும் போடலாம். தனித்தனி எஃபெக்டை ஆன் ஓஃப் செய்ய வேண்டுமென்றால் யூனோ என்று ஒரு மாற்றுச் சிப் விற்கிறார்கள், கழற்றி மாட்டினால் பெடல் போலவே நடக்கும்.

சுன்னாகம்_ஒலி:
எல்லாம் சரி, ஆனால் கூட்டிப் பாருங்கள். பெட்டி, ஸ்டெப் டவுன், சிப், பிறகு அதைக் காலால் மிதித்து மிதித்து மூன்று இலக்கத் திரையைப் பார்த்து எண் போட்டு நிரப்புவது. கணினியில் செய்யலாம் என்றால் அதில் யூஎஸ்பி இல்லை, தனியாக மிடி இன்டர்பேஸ் வேண்டும். மோட்டார் சைக்கிளில் கிற்றாரை முதுகில் மாட்டிக்கொண்டு போகிற பொடியனுக்கு ஸ்டொம்ப் வாங்கிய காரணமே அது சின்னதாக இருப்பதுதான். அதற்குப் பக்கத்தில் அதைவிடப் பல மடங்கு நீளமான பெட்டியை வைத்தால் அந்த நன்மை போய்விடும். இரண்டு எக்ஸ்பிரஷன் பெடலும் கட்டாயம் வேண்டும் என்பவருக்கு எஃப்சிபி இன்றும் நல்ல பெட்டி, இவர் வா-வா எஃபெக்ட் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

குருநகர்_கீஸ்:
தேவாலயத்தில் கீபோர்ட் வாசிக்கிறேன், மிடி வயர்களோடு நெடுநாள் பழக்கம். கொன்ட்ரோலரைப் பற்றி எல்லாரும் கதைக்கிறீர்கள், வயரைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை, மேடையில் முதலில் கைவிடுவது அதுதான்.

ஸ்டொம்பில் இருப்பது ஐந்து முள் டின் சொக்கெட். டிடி-200 இல் இருப்பது 3.5 மில்லிமீட்டர் டிஆர்எஸ், ஹெட்போன் ஜக் மாதிரி. இரண்டுக்கும் நடுவில் ஒரு மாற்று வயர் தேவை, அந்த வயரில் ஏ வகை, பி வகை என்று இரண்டு உண்டு. ஏ வகையில் டின்னின் 5 ஆம் முள் நுனிக்கும் 4 ஆம் முள் வளையத்துக்கும் போகும், பி வகையில் அது தலைகீழ். 2018 இல் ஏ வகையைத்தான் பொது முறையாக அறிவித்தார்கள், பொஸ்ஸும் ஏ வகைதான். பி வகை வயரை வாங்கினால் ஒன்றும் எரியாது, ஒன்றும் நடக்கவும் நடக்காது, பெட்டி பழுது என்று நினைத்துத் திருத்தக் கொடுப்பீர்கள்.

இரண்டாவது, பழைய ரேடியோ, கசற் செட்டுக்கு வந்த ஐந்து முள் வயர்கள் இன்னும் எங்கள் வீடுகளில் கிடக்கின்றன. பார்க்க மிடி வயர்தான். ஆனால் சிலவற்றில் உள்ளே கம்பிகள் மாற்றி இணைத்திருக்கும். மிடிக்கு வேண்டியது 4, 5, 2 ஆகிய மூன்று முள் மட்டும். மல்டிமீட்டரில் 4 க்கு 4, 5 க்கு 5, 2 க்கு 2 என்று பீப் சத்தம் வந்தால் பாவியுங்கள், இல்லையென்றால் விடுங்கள். நீளம் 15 மீட்டருக்கு மேல் போக வேண்டாம்.

பிறகு உப்புக் காற்று. கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் சொக்கெட்டுகளை மூடி வையுங்கள், பச்சை பிடித்த முள்ளை கொன்டக்ட் கிளீனர் போட்டுத் துடையுங்கள். நிகழ்ச்சி முடிந்து பனியில் நனைந்த பெட்டியை அப்படியே பையில் போட்டுப் பூட்டாதீர்கள்.

கொக்குவில்_லீட்:
அக்கா, மிக்க நன்றி. ஒரு சந்தேகம். டின்னை விட்டு யூஎஸ்பியில் நேரே கொழுவ முடியாதா? ஸ்டொம்பிலும் இருக்கிறது, கொன்ட்ரோலரிலும் இருக்கிறது.

சோல்டர்_தம்பி:
முடியாது அண்ணா, யூஎஸ்பியில் ஒன்று ஹோஸ்டாக, அதாவது இணைப்பை நடத்துவதாக இருக்க வேண்டும், மற்றது டிவைஸ். லப்டொப் ஹோஸ்ட், அதனால்தான் எல்லாம் அதோடு பேசும். ஸ்டொம்ப் டிவைஸ், பெரும்பாலான கொன்ட்ரோலர்களும் டிவைஸ், இரண்டு டிவைஸ் வயரால் இணைத்தாலும் ஒன்றையொன்று காணாது. ஹோஸ்ட் வசதி உள்ள கொன்ட்ரோலர் தனியாகத் தேடி வாங்க வேண்டும், அல்லது நடுவில் ஹோஸ்ட் பெட்டி ஒன்று வைக்க வேண்டும். டின் போதும். ஒரு சிசி கட்டளை மூன்று பைட், செக்கனுக்கு 31,250 பிட் வேகத்தில் அது போக ஒரு மில்லிசெக்கன்கூட ஆகாது, காலுக்கு அது உடனடிதான்.

எம்-வேவ் சொக்லேட்டைப் பற்றியும் சொல்கிறேன். அது புளூடூத்தில் போனுக்கும் ஐபாட்டுக்கும் நன்றாக ஓடும், சார்ஜ் ஏற்றும் பட்டரி உள்ளே இருக்கிறது. ஸ்டொம்பில் புளூடூத் இல்லையே, அதன் டின் சொக்கெட்டில் செருக ஒரு ரிசீவர் வாங்க வேண்டும். போனில் எஃபெக்ட் அப் வைத்து வாசிப்பவருக்கு அது பொருத்தம்.

என் யோசனை, நீங்களே செய்யுங்கள். ஆர்டுயினோ என்ற புரோகிராம் எழுதக்கூடிய சின்னப் போர்ட் ஒன்று, 220 ஓம் ரெசிஸ்டர் இரண்டு, டின் சொக்கெட், மிதித்தால் அமர்ந்து விட்டால் எழும் மொமென்டரி சுவிட்ச் ஆறு, ஒரு அலுமினியப் பெட்டி. 5 வோல்ட் போர்ட் என்றால் 5 வோல்ட் லைனிலிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாக 4 ஆம் முள், போர்டின் டிஎக்ஸ் (அனுப்பும்) முனையிலிருந்து மற்ற ரெசிஸ்டர் வழியாக 5 ஆம் முள், 2 ஆம் முள் கிரவுண்ட். புரோகிராமில் சீரியல் வேகம் 31250. சுவிட்ச் அமரும்போது தொடுமுனை துள்ளி ஒரு மிதிக்கு இரண்டு மூன்று கட்டளை போகும், அதற்கு டிபௌன்ஸ் எழுத வேண்டும், அவ்வளவுதான் நுட்பம். ஆறு சுவிட்சும் எதைச் செய்ய வேண்டும் என்பது முழுக்க உங்கள் கையில். மிடி கப்டனும் உள்ளுக்குள் ராஸ்பெரி பை பிகோ வகைச் சிப்பில் ஓடுவதுதான், கணினியில் கொழுவினால் பென் டிரைவ் போலத் திறக்கும், அமைப்புக் கோப்பை எழுத்தாகவே திருத்தலாம்.

மானிப்பாய்_பேஸ்:
மேடைக்கு வீட்டில் செய்த பெட்டியா? நடு நிகழ்ச்சியில் சோல்டர் விட்டால் யார் பார்ப்பது?

சோல்டர்_தம்பி:
கம்பனிப் பெட்டியில் விட்டால் யார் பார்ப்பது அண்ணை? கொழும்புக்கு அனுப்பினாலும் பார்க்க ஆள் இருக்குமோ தெரியாது. நாங்கள் செய்ததென்றால் எந்த வயர் எங்கே போகிறது என்று எங்களுக்குத் தெரியும், சுவிட்ச் பழுதானால் மறுநாள் வேறு ஒன்று போடலாம். வெளிநாட்டிலிருந்து வரும் சாமானுக்குப் பின்னால் ஒரு கடையும் இல்லாத ஊரில் அது சின்ன விஷயமில்லை. ஆனால் ஒன்று, வெரோ போர்டில் அவசரமாக ஒட்டி வயரைத் தொங்கவிட்டால் நீங்கள் சொல்வது நடக்கும். வயர்களை இறுக்கிக் கட்டி, சொக்கெட்டைப் பெட்டியில் ஆணி போட்டுப் பூட்டினால்தான் மேடைக்குக் கொண்டுபோகலாம்.

சுன்னாகம்_ஒலி:
தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. கலியாண சீசனுக்கு முதல் செய்து முடித்து, ஒத்திகைகளில் நல்லாக மிதித்துப் பார்க்க நேரம் இருந்தால் செய்யலாம்.

கறண்ட் பற்றி என் பக்கத்திலிருந்து ஒன்று. டின் வழியாக வரும் மிடியில் வாங்கும் பக்கத்தில் ஒப்டோ ஐசோலேற்றர் இருக்கும், கட்டளை வெளிச்சமாகத் தாண்டிப் போகிறது, இரண்டு பெட்டியின் கிரவுண்டும் சேராது. அதனால் ஹம் என்ற இரைச்சல் வராது. யூஎஸ்பியில் கிரவுண்ட் சேரும், லப்டொப் சார்ஜரோடு சேர்த்துக் கொழுவினால் பிஏ (ஒலிபெருக்கிகள்) முழுக்க இரைச்சல் வருவதை நான் மிக்சரில் நின்று அடிக்கடி கேட்கிறேன். கோயில் நிகழ்ச்சிகளில் ஜெனரேற்றரில் மின்விளக்கு அலங்காரமும் நாங்களும் ஒரே லைனில் நிற்போம், வோல்டேஜ் ஏறி இறங்கும். ஆகவே கொன்ட்ரோலருக்கு டிலேயோடு ஒரே அடாப்டரைச் சங்கிலி போட்டுப் பகிராமல், தனித்தனி ஐசோலேற்றட் வெளியீடு உள்ள பவர் சப்ளையிலிருந்து கொடுங்கள். ஸ்டொம்ப் 9 வோல்ட்டில் 3 அம்பியர் கேட்கும் சாமான், அதன் அடாப்டரை அதற்கே விட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்லாமல் விடக் கூடாது. ஸ்டொம்பின் பின்பக்கம் எக்ஸ்பிரஷன் ஜக்கிலேயே வெளிச் சுவிட்ச் இரண்டு கொழுவலாம், அது நாலாவது, ஐந்தாவது சுவிட்ச் ஆகிவிடும். பொஸ் எஃப்எஸ்-7 போன்ற இரட்டைச் சுவிட்சும் ஒரு ஸ்டீரியோ வயரும் போதும், மிடியே வேண்டாம். உங்கள் தாளில் ஐந்து வேலைக்கு மேல் இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள், காசு மிச்சம்.

கொக்குவில்_லீட்:
தாளில் எழுதினேன். எங்கள் பட்டியலில் அதிகம் வேலை கேட்கும் பாட்டுகளை எடுத்து வாசித்துப் பார்த்தேன். பாட்டுக்குள் வேண்டியது கிளீன், கோரஸ், லீட் என்று மூன்று ஸ்னாப்ஷாட். டப் டெம்போ ஒன்று. பாட்டு முடிய அடுத்த பிரிசெட் ஒன்று. ரியூனர் ஒன்று. ஆறு. பத்து வேண்டாம் என்பது தெளிவு, ஐந்து போதாது என்பதும் தெளிவு. ரியூனரைக் கழிக்கலாமா என்று யோசித்தேன், திறந்த வெளி மேடையில் இரவுக் குளிரில் தந்தி இறங்கிக்கொண்டே இருக்கும், அது கட்டாயம் தனியாக வேண்டும்.

ஆகவே எம்சி6 என்று முடிவுக்கு வந்துவிட்டேன். ஆறு சுவிட்ச், 9 வோல்ட், லப்டொப்பில் பிரவுசரிலேயே அமைக்கலாம், ஒவ்வொரு சுவிட்சுக்கும் மேல் திரையில் பெயர் தெரியும். நீட்டி மிதித்தால் வேறு கட்டளை போடலாம் என்பதால் முந்திய பிரிசெட்டை அதில் வைப்பேன். மச்சானிடம் ஏ வகை மாற்று வயர் இரண்டும் சேர்த்துக் கேட்டிருக்கிறேன், ஒன்று பைக்குள் உபரியாக.

மானிப்பாய்_பேஸ்:
ஆறு என்று எண்ணிப் பார்த்து எடுக்கிறாய், அது சரியான வழி. பத்து என்று நான் சொன்னது என் கால் கணக்கு, நான் பேஸும் சின்த் பெடலும் சேர்த்து ஆட்டுகிறவன். சுவிட்சுகளுக்கு இடையில் இடம் போதுமா என்று மட்டும் சப்பாத்தோடு நின்று பார்.

கொக்குவில்_லீட்:
அது வரும்வரை ஒரு நண்பரிடம் பழைய கொன்ட்ரோலர் ஒன்றை இரவல் வாங்கிப் பழகுகிறேன். சிசி 69 அருமையாக வேலை செய்கிறது, வால் வெட்டுப்படவே இல்லை, சுன்னாகம் அண்ணைக்குத் தனி நன்றி. ஆனால் பிரிசெட் ஒன்று தள்ளி வருகிறது. ஸ்டொம்பில் 02ஏ க்கு எண் 3 என்று படித்தேன், கொன்ட்ரோலரில் 3 போட்டால் 01சி ஏறுகிறது.

குருநகர்_கீஸ்:
பழுதில்லை. ஸ்டொம்ப் 0 இலிருந்து எண்ணுகிறது, 01ஏ க்கு 0, 01பி க்கு 1, 01சி க்கு 2, 02ஏ க்கு 3. இரவல் கொன்ட்ரோலர் 1 இலிருந்து எண்ணுகிறது, அதன் திரையில் 3 என்பது வயரில் 2 ஆகத்தான் போகும். 4 போடுங்கள், 02ஏ வரும். புதுப் பெட்டி வந்ததும் எல்லாப் பிரிசெட்டையும் நிரப்ப முதல் இது ஒன்றை மட்டும் சோதித்துப் பாருங்கள், மிடி சேனலும் கொன்ட்ரோலரிலும் ஸ்டொம்பிலும் ஒரே எண்ணாக இருக்கிறதா என்று பாருங்கள். டிடி-200 ஐ 2 ஆம் சேனலில் வையுங்கள், இல்லையென்றால் ஸ்டொம்புக்குப் போகிற எண்ணுக்கு அதுவும் சேர்ந்து மாறும்.

கொக்குவில்_லீட்:
4 போட்டேன், வந்தது. டிலேயை 2 இல் வைத்துவிட்டேன், கொமாண்ட் சென்டரிலும் சேனல் 2 போட்டாயிற்று.